சாய்த்துப் பிடித்த வண்டி

வண்டி விழுந்த சத்தத்தைவிட அவர் ஓடி வந்த சத்தம்தான் எனக்கு முதலில் கேட்டது. செருப்பு மணலில் புதைய ஓடி வந்தார். என்னைத் தூக்கிவிட வருகிறார் என்று நம்பி நானும் கையை நீட்டினேன். மனுஷன் வண்டியிடம் போனார். டேங்க்கைத் தடவினார், பெட்ரோல் ஒழுகுகிறதா என்று குனிந்து மோந்து பார்த்தார், சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டார். அதற்கப்புறம்தான் கட்டிய பெண்டாட்டி ஒருத்தி தரையில் உட்கார்ந்திருப்பது ஞாபகத்துக்கு வந்தது.

"அடி பட்டுச்சா ரெபா?"

"வண்டிக்கா, எனக்கா?"

"ரெண்டு பேருக்குந்தான்."

முழங்காலில் சுடிதார் கிழிந்து கொஞ்சம் ரத்தம். நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன், தினமும் முப்பது பேர் ரத்தத்தைக் குழாயில் பிடிக்கிறவள். என் ரத்தத்தைப் பார்த்து எனக்குப் பயமில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. சதுரங்கப்பட்டினம் கோட்டை மதிலை ஒட்டிய அந்த வெட்டவெளியில் ஆறு ஞாயிற்றுக்கிழமையாக வட்டமடித்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது கியர் வரை போட வந்துவிட்டது. அப்படியிருக்க, வலை காய வைத்திருந்த இடத்தில் ஒரு நாய் எழுந்து நின்றதைப் பார்த்துவிட்டு, ஹேண்டிலைத் திருப்பிய நிலையிலேயே முன் பிரேக்கை அழுத்திவிட்டேன். மணலில் அதைச் செய்யாதே, செய்யாதே என்று அவர் நூறு தடவை சொல்லியிருந்தார். நாய் சாவகாசமாக நடந்து போனது.

அன்றைக்கு விழுந்திருக்கக் கூடாது. அது கடைசி ஞாயிற்றுக்கிழமை.

சொல்லிவிடுகிறேன். அந்த வண்டியை அவர் போன வருடம் டிசம்பரில் வாங்கினார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஷோரூமுக்குப் போய் வாங்கிய முதல் புது வண்டி. வாங்கி ஐம்பதாவது நாள், மாமல்லபுரத்தில் அவர் வேலை பார்க்கும் ஓட்டலின் ஸ்டோர் ரூமில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் விழுந்து கை கால் இழுத்துக்கொண்டு கிடந்தார். ஒரு மாதம் கழித்து வீட்டில் இன்னொரு தடவை, என் கண் முன்னால். செங்கல்பட்டில் பெரிய டாக்டர் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு வருடத்துக்கு வண்டி ஓட்டவே கூடாது என்றார். பின்னால் உட்காரலாமா என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது ஆபிரகாம் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தார். புதுப்பட்டினத்தில் இறங்கி வீட்டுக்கு வந்ததும் வண்டிக்கு உறையைப் போட்டு மூடினார்.

அதற்குப் பிறகு அவர் எங்கேயும் போவதில்லை. வேலைக்குப் போக பஸ், வர பஸ். கோயிலுக்குக்கூட ஏதாவது காரணம் சொல்லி நின்றுவிடுவார். முன்பெல்லாம் சாயங்காலம் ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு கல்பாக்கம் பக்கம் போய் ஒரு கிலோ சங்கரா மீன் வாங்கி வருவதற்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிற ஆள். இப்போது சாயங்காலம் ஆனால் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் ஓட்டலில் வேலை பார்க்கும் விஷாலுக்கு வண்டியைக் கொடுத்துவிடப் போகிறேன் என்றார். எனக்கு எங்கிருந்து அந்த வாய் வந்ததோ, நான் கற்றுக்கொள்கிறேன் என்றேன். ஸ்கூட்டி ஓட்டினால் போதாதா, கியர் வண்டி எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள். இந்த வண்டிதானே இருக்கிறது என்றேன். ஒன்றரை மாதம் பார்ப்போம் என்றார் அவர். ஒரு தடவையாவது கோட்டையிலிருந்து வீடு வரைக்கும் கடைத்தெரு வழியாக நீயே ஓட்டிவிட்டால் வண்டி நம்மோடு, இல்லாவிட்டால் விஷாலோடு. விஷால் திங்கட்கிழமை காலையில் வருவதாகச் சொல்லியிருந்தான். திங்கட்கிழமை என்பது நாளைக்கு.

இதில் கூத்து என்னவென்றால், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் புது வண்டியை நாங்கள் தள்ளிக்கொண்டுதான் வருவோம். அவர் ஓட்டக் கூடாது, எனக்குக் கடைத்தெருவில் ஓட்டப் பயம். எனக்குப் பின்னால் உட்கார அவர் ஒரு நாளும் ஒத்துக்கொண்டதில்லை. அதனால் முன்னால் ரெண்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஒன்றரைக் கிலோமீட்டரும் உருட்டுவார். நான் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நடப்பேன். வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் விசாரிப்பார்கள். கோட்டை வாசலில் சர்பத் கடை வைத்திருக்கும் அமீனா பீவி முதல் வாரம், "பெட்ரோலு தீந்துப் போச்சா?" என்று கேட்டார். இரண்டாவது வாரம், "இன்னுமா ரிப்பேரு?" என்றார். மூன்றாவது வாரத்திலிருந்து ஒன்றும் கேட்பதில்லை. இரண்டு டம்ளர் நன்னாரி சர்பத்தை மட்டும் எடுத்து வைப்பார்.

வண்டியை நிமிர்த்தி ஸ்டாண்டில் நிறுத்தினோம். இடது பக்கம் பார்க்கச் சகிக்கவில்லை. என் புடவை சக்கரத்தில் சிக்காமல் இருக்க அவர் கேட்டு வாங்கி மாட்டிய கம்பி வலைதான் முக்கால்வாசி அடியையும் வாங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே நான் ஒரு பக்கமாக உட்கார்ந்து கால் வைக்கிற பலகை உள்பக்கம் மடங்கியிருந்தது. கிளட்ச் லீவர் வளைந்து, கண்ணாடி என்னைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. அவர் முன் சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டு ஹேண்டிலைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கி நேராக்கினார். லீவரை நான் நிமிர்த்தப் போனபோது கையைத் தட்டிவிட்டார்.

"வுடு. வளைஞ்சது வளைஞ்சபடியே இருக்கட்டும். நிமுத்துனா ஒடஞ்சிடும்."

பட்டனை அழுத்தினேன். கிர்ர்ர் என்று சுற்றியது, பிடிக்கவில்லை. திரும்பவும் கிர்ர்ர். அவர் வந்து பார்த்தார். கியர் நியூட்ரலில் இருக்கிறதா, இருக்கிறது. வலது பக்கத்தில் எஞ்சினை நிறுத்துகிற சிவப்பு சுவிட்ச் கீழே விழுந்ததில் தட்டுப்பட்டிருக்குமா, இல்லை, சரியாகத்தான் இருக்கிறது. டேங்க்கைத் திறந்து பார்த்தால் பெட்ரோல் தளதளவென்று கிடக்கிறது. பிளக் வயரை அழுத்திவிட்டார். மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது எப்போதும் எரிகிற விளக்குதான் என்று சொல்லிவிட்டார். உதைத்துப் பார்க்கலாமென்றால் இந்தக் காலத்து வண்டிக்கு உதைக்கிற கட்டையே கிடையாது. எங்கள் மெக்கானிக் சின்னையனுக்கு போன் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் தலைக்கு மேல் கூரையைப் பிரித்தாலும் எழுந்திருக்க மாட்டார்.

கொஞ்ச நேரம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றவர், என்னைப் பார்க்காமல் மெதுவாகக் கேட்டார்.

"சாச்சிப் பாக்கலாமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. எத்தனை மாதம் ஆயிற்று அவர் பல்லைப் பார்த்து.

நாங்கள் படாளத்தில் குடித்தனம் தொடங்கியபோது அவரிடம் ஒரு பச்சை ஸ்கூட்டர் இருந்தது. மதுராந்தகத்தில் யாரிடமோ மூன்றாவது கையாக வாங்கியது. அவர் அப்பா, என் அப்பா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டியவர்கள். இரண்டு குடும்பத்திலும் சக்கரம் வைத்த சொத்தென்று முதலில் வந்தது அந்த ஸ்கூட்டர்தான். அதற்கு ஒரு குணம். காலையில் நேராக நின்றால் கிளம்பாது. ஒரு பக்கமாக நன்றாகச் சாய்த்துப் பிடித்து, பெட்ரோல் இறங்கட்டும் என்று பன்னிரண்டு வரை எண்ணி, நிமிர்த்தி உதைத்தால் கிளம்பும். அவர் சாய்ப்பார், நான் எதிர்ப்பக்கத்தில் நின்று தாங்குவேன். எண்ணுவது அவர், "போதும்" சொல்வது நான். பத்திலேயே போதும் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். அந்தப் பன்னிரண்டு எண்ணிக்கைக்குள் நாங்கள் அன்றைய சண்டையை முடித்திருக்கிறோம், குழந்தைக்குப் பெயர் வைத்திருக்கிறோம். சர்க்கரை ஆலைச் சங்கு ஊதும்போது நாங்கள் சாய்த்துக்கொண்டிருக்கவில்லையென்றால் அன்றைக்கு லேட் என்று அர்த்தம்.

ஒரு தடவை நிலத்துக்காரர்கள் இருக்கும் ஊர்த்தெருவில், சரியாக டீக்கடைக்கு எதிரில், அது நின்றுவிட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவர்கள் பார்த்த விதமே போதுமாக இருந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடிவிடலாம் போல எனக்கு உடம்பு கூசியது. ஆபிரகாம் அவசரமே படவில்லை. இறங்கினார், சாய்த்தார், எல்லோருக்கும் கேட்கும்படி ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண்ணினார். "போதும்" என்று நானும் சத்தமாகத்தான் சொன்னேன். ஒரே உதையில் கிளம்பியது. பின்னால் உட்கார்ந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போனேன். அவ்வளவு நேராக ஒரு முதுகை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அந்த முதுகோடு ஆயுசு முழுக்க வாழ்ந்துவிடலாம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

அதே ஸ்கூட்டரில்தான் முதல் தடவை இந்தக் கோட்டைக்கு வந்தோம். மாமல்லபுரம் போவதாகத்தான் கிளம்பினோம். அங்கே கூட்டமென்று கடலோரமாகத் தெற்கே விட்டுக்கொண்டு வந்தவர், சவுக்குத் தோப்புகளைத் தாண்டி இங்கே நிறுத்தினார். எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுவிட்டு டச்சுக்காரர்களின் கல்லறைகளைச் சுற்றிப் பார்த்தோம். திரும்பும்போது மழை. இன்னொரு வருடம் மகள் ஜெனிட்டாவோடு வந்தோம், அவளுக்கு அப்போது ஒன்றரை வயது. வழியில் தூங்கி விழுந்தவளை என் துப்பட்டாவால் அவர் முதுகோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். வீடு வந்து சேர்ந்து முடிச்சை அவிழ்த்தபோது அவர் சட்டையில் அவள் எச்சில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு ஊறியிருந்தது. அந்தச் சட்டையை அன்று ராத்திரிவரை அவர் மாற்றவில்லை. இப்போது அவள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள். அப்பாவுக்கு வலிப்பு என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. மயக்கம் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

ஆக, சாய்த்தோம். நான் வலது பக்கம், அவர் இடது பக்கம். ஸ்கூட்டரை விட இது நல்ல கனம். மெல்லப் படுக்கிற மாதிரி சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினார். பன்னிரண்டு வந்ததும் "போதும்" என்றேன். நிமிர்த்தி பட்டனை அழுத்தினால் அதே கிர்ர்ர். இன்னும் நன்றாகச் சாய்க்க வேண்டும் என்றார். இன்னும் சாய்த்தோம். மூன்றாவது தடவை சாய்த்தபோது அமீனா பீவி கடையை விட்டு வெளியே வந்து நின்றுகொண்டார்.

"உருட்டிகினு வர்றீங்க, சரி. இன்னாத்துக்கு அத்த தாலாட்டிகினு கீறீங்க?"

நாலாவது தடவையில் எனக்குக் கை ஓய்ந்துபோனது. சிரிப்பும் தீர்ந்துவிட்டது. அவர் நெற்றியெல்லாம் வியர்வை. மாத்திரை போட்ட உடம்பு இப்படிக் களைக்கக் கூடாது. வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு அவர் மதில் ஓரமாக உட்கார்ந்தார்.

"போதும் ரெபா. நாளைக்கு விஷால் வந்து எடுத்துகினு போட்டும். செரி பண்றதும் அவன் பாடு."

"இன்னும் நாளைக்கு விடியலயே."

"வுழுந்து ஒனக்குக் கை கால் ஒடஞ்சா நான் இன்னா பண்ணுவேன்? தூக்கிகினு ஓடக்கூட என்னால ஆவாது."

அவர் அப்படிப் பேசியதே இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியிடம் போய், சாவியைத் திருகிப் பிடுங்கி என் பைக்குள் போட்டேன். வண்டி இங்கேயே கிடக்கட்டும், நான் பஸ்ஸில் போகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன். பஸ்ஸே தேவைப்படாத தூரம் என்பது பத்து அடி நடந்த பிறகுதான் உறைத்தது. அமீனா பீவி சர்பத்தை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். கோபத்திலும் தாகம் எடுக்கத்தான் செய்கிறது.

திரும்பிப் பார்த்தால் அவர் எழுந்து வந்து வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். கையை மட்டும் நீட்டினார்.

"ஒரே ஒரு தபா. குடு."

கொடுத்தேன். சாவியைப் போட்டுத் திருகினார், பட்டனைத் தொட்டார். முதல் தொடுதலிலேயே வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது.

ஏன் கிளம்பியது என்று அப்போது இரண்டு பேருக்கும் தெரியாது. மறுநாள் சின்னையனிடம் சொன்னபோது அவர் ஸ்டூலை விட்டு எழுந்து போய்ச் சிரித்துவிட்டு வந்தார். புது வண்டிக்குள் ஒரு சின்னப் பொட்டி இருக்கிறதாம். வண்டி கீழே சாய்ந்தால் ஆள் விழுந்துவிட்டான் என்று நினைத்து அது எஞ்சினை நிறுத்திவிடுமாம். சாவியை ஒரு தடவை அணைத்துப் போட்டால்தான் திரும்ப உயிர் கொடுக்குமாம். நாங்கள் சாவியை அணைக்காமல் சாய்த்துச் சாய்த்து, விழுந்தேன் விழுந்தேன் என்று அதற்கு நாலு தடவை சொல்லியிருக்கிறோம். "அண்ணாத்த, அது இன்னா உங்க பழைய ஸ்கூட்டரா?" என்று கேட்டார் சின்னையன்.

ஆனால் அந்த நேரத்தில் நான் எஞ்சினைப் பற்றி நினைக்கவே இல்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறேழு மாதமாகக் காணாமல் போயிருந்த ஆள் அந்த சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, காதைச் சாய்த்து, சத்தம் சரியாக வருகிறதா என்று கேட்டார். முதுகு நேராகியிருந்தது. ஸ்டாண்டைக் காலால் தட்டி எடுத்துவிட்டு, இருபத்திரண்டு வருடமாக எப்படிச் சொல்வாரோ அதே மாதிரி, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"ஏறு."

என் மேலேயே எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். நான் ஏறப் போனேன். யோசிக்கவே இல்லை. வலது கை தானாகப் போய் அவர் தோளைப் பிடித்தது, உடம்பு தானாக ஒரு பக்கமாகத் திரும்பியது, இடது கால் அந்தப் பலகையைத் தேடியது. பலகைதான் மடங்கிக் கிடந்ததே. கால் வெறுங்காற்றில் வழுக்கித் தரையில் இறங்கியது. நின்றேன். என் கைக்குக் கீழே அவர் தோள் சூடாக, திடமாக இருந்தது. அந்தத் தோள்தான் அன்றைக்குச் சமையலறை வாசலில் வெட்டி வெட்டி இழுத்தது. ஒரு நொடிக்கு முன்னால்வரை உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தவர்.

எட்டிச் சிவப்பு சுவிட்சை அமுக்கினேன். எஞ்சின் நின்றது. அதுவரை கேட்காமல் இருந்த அலைச்சத்தம் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

"எறங்குங்க."

"ஒன்ற கிலோமீட்டரு ரெபா. கண்ண மூடிகினே போவேன்."

சுவிட்சின் மேலேயே விரலை வைத்திருந்தேன்.

"மெதுவா போறேன்."

"அது ஒங்களுக்கு மெதுவாவா வருது?"

சொன்ன பிறகு, சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று தோன்றியது. அவர் ஹேண்டிலை விடவில்லை. விரல்கள் வெளுக்கிற அளவுக்குப் பிடித்திருந்தார். அமீனா பீவி கடைக்குள் போய் எதையோ தேடுவது போலத் திரும்பிக்கொண்டார், நல்ல மனுஷி. நான் அவர் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. அவர் அழுதுவிட்டால் நானும் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. அவர் வண்டியை விட்டு இறங்கி நடந்து போய்விட்டால், வண்டி நாளைக்கு விஷாலோடு போய்விடும். அதோடு இந்த முதுகும் போய்விடும் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அவர் இறங்கவில்லை. இரண்டு காலையும் தரையில் ஊன்றி வண்டியைத் தாங்கிக்கொண்டே, உட்கார்ந்தபடி, மெல்லப் பின்னால் நகர்ந்தார். முன்னால் இடம் காலியானது.

"நானும் ஒரு பக்கமா உக்காரணுமா?" என்று கேட்டார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"பலவ வளைஞ்சி போச்சு. ரெண்டு பக்கமும் கால போட்டுக்குங்க."

ஏறி உட்கார்ந்தேன். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டோம். அவருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பின்னாலிருக்கும் கம்பியைப் பிடித்தார், விட்டார், தொடையில் வைத்துக்கொண்டார். புதுப்பெண்ணாக நானும் அப்படித்தான் தடுமாறியிருப்பேன். கழுத்திலிருந்த துப்பட்டாவை உருவி, அவர் முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து, என் வயிற்றின் மேல் இழுத்து இரண்டு முடிச்சுப் போட்டேன்.

"இன்னாம்மே இது? நான் இன்னா கொழந்தையா?"

"சும்மா இருங்க."

சும்மா இருந்தார். சிவப்பு சுவிட்சை விடுவித்துப் பட்டனை அழுத்தினேன், கிளம்பியது. வளைந்த லீவரைப் பிடித்து முதல் கியர் போட்டேன். கோட்டை முனையைத் தாண்டினால் கடைத்தெரு, மீன் ஏற்றிய மினி லாரிகள், பஸ் ஸ்டாண்டு. கால் இரண்டும் தரையை விட மாட்டேன் என்றன. விழுந்ததில் திரும்பிப்போயிருந்த இடது பக்கத்துக் கண்ணாடியில் ரோடு தெரியவில்லை, அவர் முகம்தான் தெரிந்தது. கண்ணை மூடியிருந்தார். ஒரு கணம் என் உயிரே நின்றது. அப்புறம் உதடு அசைவதைப் பார்த்தேன்.

எண்ணிக்கொண்டிருந்தார். கண்ணாடியைப் பார்த்து நானும் கூடவே எண்ணினேன். ஏழு வந்தபோது "போதும்" என்று சொல்லி கிளட்ச்சை விட்டேன்.